இலை இல்லாத இடத்தில் சாம்பார்

ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. மனிதர் அப்போதுதான் ஊருக்குப் புதுக் காலண்டர் ஒன்று போட்டிருந்தார். அது ஓட ஆரம்பித்து ஒன்றேகால் வருஷம்கூட ஆகவில்லை. எழுதிய ஆளைத் தீர்த்துக்கட்டிவிட்டால் அப்புறம் அந்த ப்ரோகிராமை யார் பார்த்துக்கொள்வது? பூசாரிகள் பார்த்துக்கொண்டார்கள். சீசர் விட்டுப்போன உத்தரவு எளிமையானதுதான்: நாலாவது வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் கூட்ட வேண்டும். பூசாரிகள் விரல் மடக்கினார்கள். போன லீப் வருஷம் ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று, இதோ நாலு, கூட்டு ஒரு நாளை! மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை. இந்த லூப் 36 வருஷம் ஓடியது. 9 நாள் கூட்டியிருக்க வேண்டிய இடத்தில் 12 நாள் கூட்டியாயிற்று. கடைசியில் அகஸ்டஸ் வந்து, அதிகப்படியான மூன்று நாளும் செரிக்கிற வரைக்கும் லீப் வருஷமே வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். பிழை திருத்தியவருக்கு ஒரு மாதத்தின் பெயரையே எழுதிவைத்தார்கள். அதற்கப்புறம் எந்த டீபக்கருக்கும் அந்த மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

பூசாரிகளைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. செவ்வாய்க்கிழமை நின்றுகொண்டு "எட்டு நாள் கழிச்சு வாங்க" என்கிறவர் அடுத்த செவ்வாயைத்தான் சொல்கிறார். களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். அடுத்தது நேராக "ரெண்டு". இப்படி எண்ணிப் பழகிய வம்சத்தில் பிறந்த பையன் கம்ப்யூட்டரில் அரே என்கிற வரிசையை எங்கிருந்து எண்ணுவான்?

அந்தப் பையன் நான்தான். பொறியியல் கல்லூரி, முதலாண்டு, சி லேப். நீலத் திரையும் மஞ்சள் எழுத்துமாக டர்போ சி. பத்து மாணவர்களின் மார்க்கை வாங்கிச் சராசரி போட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மார்க் வாங்குவதற்கு முன்னால் எல்லா இடத்தையும் பூஜ்யமாக்கித் துடைத்து வைப்போம் என்று நல்ல பிள்ளையாக இப்படி எழுதினேன்:

இன்ட் ஐ, மார்க்[10];
ஃபார் (ஐ = 1; ஐ <= 10; ஐ++)
மார்க்[ஐ] = 0;

கம்பைலர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. கண்ட்ரோலும் எஃப்9-ம் அமுக்கினேன். திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது. லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து பார்த்தார்.

"என்னப்பா பண்ணே?"

"மார்க் எல்லாத்தையும் ஜீரோ ஆக்குனேண்ணா."

"ஆயிருச்சா?" என்றவர், குனிந்து பவர் பொத்தானை அமுக்கினார். எஃப்2 தட்டிச் சேமிக்கிற பழக்கம் எனக்கு அதுவரை வந்திருக்கவில்லை. மார்க்கோடு சேர்ந்து ப்ரோகிராமும் ஜீரோ ஆயிற்று.

நடந்தது என்னவென்று புரிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பந்தியில் பத்து இலை போட்டிருக்கிறது. இலைகளுக்கு 0 முதல் 9 வரை நம்பர். நான் ஒன்றிலிருந்து தொடங்கியதால் முதல் இலைக்காரர் பட்டினி. பத்தையும் சேர்த்துக்கொண்டதால் கடைசிக் கரண்டி விழுந்த இடத்தில் இலையே கிடையாது. வேறு சில மொழிகளில் பரிமாறுகிறவர் அங்கேயே நின்று "இங்க இலை இல்லீங்களே" என்று சத்தம் போடுவார். சி அப்படியில்லை. எஜமான் சொன்ன இடத்தில் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவரவர் தலையெழுத்து. என் நேரம், அந்த இடத்தில் உட்கார்ந்து கரண்டியை எண்ணிக்கொண்டிருந்தவரே ஐ-தான். பத்து என்று எண்ணிய வாயோடு தலையில் பூஜ்யம் விழுந்தது. விழுந்ததும் எல்லாம் மறந்து, பூஜ்யத்தோடு ஒன்று கூட்டி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார். பத்து வந்ததும் மறுபடியும் சாம்பார். கம்பைலர் அவரைத் தூக்கி ரிஜிஸ்டரில் உட்காரவைத்திருந்தால் தப்பித்திருப்பார், ப்ரோகிராமும் ஒழுங்காக முடிந்ததுபோல் முடிந்திருக்கும். தப்பு மட்டும் உள்ளேயே குந்தியிருக்கும். அதைவிடத் தொங்கிப்போவது எவ்வளவோ மேல்.

ஏன் சார் பூஜ்யத்திலிருந்து, என்று வகுப்பில் கேட்டதற்கு, "அது அப்படித்தான், நோட்ல எழுதிக்கோ" என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டேன். அது அப்படித்தான் ஆனதற்கு ஒரு கதை இருக்கிறது.

1957-ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் கோஷ்டி ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்தபோது அரே, மனிதர்கள் எண்ணுவதுபோல ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. பிறகு வந்த அல்கால் 60 இன்னும் தாராளம்: எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதை நீயே சொல், மைனஸ் ஏழிலிருந்து வேண்டுமா, எடுத்துக்கொள். இந்தச் சொகுசையெல்லாம் கெடுத்தவர் கேம்பிரிட்ஜ் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ். 1967-ல் அவர் செய்த பிசிபிஎல் மொழியில் எண், எழுத்து, முகவரி என்ற சாதி வித்தியாசமே கிடையாது, எல்லாம் ஒரே வேர்டு. அரே என்பது மெமரியில் ஒரு தெரு. அதன் பெயர், முதல் வீட்டின் விலாசம். இத்தனாவது வீடு என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. முதல் வீட்டிலிருந்து எத்தனை வீடு தள்ளி என்றுதான் கேட்க வேண்டும். முதல் வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து எத்தனை வீடு தள்ளிக் குடியிருப்பார்? இதைப் புரிந்துகொண்டால் பூஜ்யம் புரிந்த மாதிரி. நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னவர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த காட்சி அமெரிக்கா, நியூ ஜெர்சி, பெல் லேப்ஸ். கென் தாம்ப்சன் கையில் பிடிபி-7 என்ற பழைய மெஷின், அதில் மொத்தம் 8 ஆயிரத்துச் சொச்சம் வேர்டு மெமரி. யூனிக்ஸ் என்று ஒரு இயங்குதளத்தைக் கிளப்பிவிட்டாயிற்று, அதற்கு ஒரு மொழி வேண்டும். முதலில் ஃபோர்ட்ரானே வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். கூட வேலை பார்த்த டென்னிஸ் ரிச்சியின் ஞாபகப்படி அந்த ஆசை ஒரு வாரம் நீடித்தது. பிறகு பிசிபிஎல்லை எடுத்து, கறிவேப்பிலை கொத்தமல்லியெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, வெறும் ரசமாக இறக்கியதுதான் பி என்ற மொழி. பிளஸ் பிளஸ்ஸும் அவர் கண்டுபிடிப்புதான். ஐ++-உம் ++ஐ-யும் ஒரே வரியில் போட்டு விடை என்ன என்று கேட்டு நம் ஊர் கேம்பஸ் இன்டர்வியூக்கள் எத்தனை பிள்ளைகளை அழவைத்தன! அந்தக் கணக்குக்கு மொழியே விடை வைத்திருக்கவில்லை, கம்பைலர் இஷ்டத்துக்கு எதையும் சொல்லலாம் என்பது இன்டர்வியூ எடுத்தவர்களுக்கும் தெரியாது.

1970-ல் பிடிபி-11 வந்தது. அதன் மெமரி 24 கிலோபைட். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிற குட்மார்னிங் ரோஜாப்பூ இதைவிடப் பெரிசு. அந்தக் குடித்தனத்தில் உட்கார்ந்துதான் ரிச்சி, பி மொழிக்கு வகைகளைச் சேர்த்து, 1973 வாக்கில் சி என்று நிமிர்த்தி நிற்கவைத்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் இலை இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கிற நிலைமையா அது? எழுதியவர்களும் அவர்களே, உபயோகித்தவர்களும் அவர்களே. இந்தச் சாமான் ஒருநாள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு லேபில் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து உட்காரும் பதினெட்டு வயசுக்காரன் கைக்குப் போகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ரிச்சி செய்த இன்னொரு வேலையை நாம் லேபில் மாதக்கணக்கில் அனுபவித்தோம். பி மொழியில் ஒவ்வொரு அரேக்கும் அதன் விலாசத்தை எழுதிவைக்கத் தனியாக ஒரு பெட்டி உண்டு. ரிச்சிக்கு ஸ்ட்ரக்சர் வேண்டியிருந்தது. யூனிக்ஸ் டைரக்டரியில் ஒரு ஃபைலுக்கு இரண்டு பைட் எண், 14 எழுத்துப் பெயர், ஆக 16 பைட், டிஸ்கில் இருக்கிறபடியே மெமரியிலும் ஒட்டி உட்கார வேண்டும். இதற்கு நடுவில் விலாசப் பெட்டியை எங்கே ஒளித்துவைப்பது? பெட்டியையே ஒழித்துவிட்டார். அரேயின் பெயரைச் சொன்னாலே அது முதல் வீட்டு விலாசமாக மாறிக்கொள்ளும் என்று விதி செய்தார். அபாரமான மூளை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே விதியால், அரேயை ஒரு ஃபங்ஷனுக்குள் அனுப்பினால் விலாசச் சீட்டு மட்டும்தான் உள்ளே போகும். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற விவரம் வாசலோடு நின்றுவிடும். இது தெரியாமல் ஃபங்ஷனுக்குள் சைஸ்ஆஃப் போட்டு மொத்த அளவை ஒரு ஆளின் அளவால் வகுத்துப் பார்த்தேன். பத்துப் பேரை அனுப்பினேன், உள்ளே ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றது டர்போ சி. இன்றைய 64 பிட் மெஷினில் இரண்டு பேர் என்று சொல்லும். முன்னேற்றம்தான்.

பெயர்களின் கதை தனி. பிசிபிஎல்லில் ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்து என்ற கணக்கு சொல்லின் முன்னாலேயே இருக்கும். கணக்கு வைத்தால் நீளத்துக்கு ஒரு வரம்பு வந்துவிடுகிறது, முடிவில் ஒரு அடையாளம் வைப்பதே வசதி என்று பெல் லேப்ஸ்காரர்கள் முடிவு கட்டினார்கள். சியில் அந்த அடையாளம் ஒரு பூஜ்யம். ஆங்கிலத்தில் முருகன் என்பதற்கு ஏழு எழுத்து, ஆகவே ஏழு இடம் ஒதுக்கினான் எங்கள் பெஞ்சு முருகன். எட்டாவதாகப் பூஜ்யத்துக்கு ஒரு இடம் வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது? பெயரை அச்சிடச் சொன்னான். முருகன் வந்தது, கூடவே ஒரு சிரித்த முகம், ஒரு ஆடுதன், தலைகீழ்க் கேள்விக்குறி, நாலைந்து கோடு. எங்கோ ஒரு பூஜ்யம் தட்டுப்படும்வரை பக்கத்து வீடுகளையெல்லாம் வாசித்துக்கொண்டே போயிருக்கிறது. அந்த செமஸ்டர் முழுக்க அவன் பெயர் ஆடுதன் முருகன்.

பூஜ்யத்திலிருந்து ஒழுங்காக எழுதிய ஃபார் வரியின் கடைசியில் அரைப்புள்ளி போடுவதையும் சொல்லிவிடுகிறேன். பரிமாறுகிறவர் வெறுங்கையோடு பந்தியைப் பத்துத் தடவை சுற்றுவார். சுற்றி முடித்த பிறகு ஒரே ஒரு கரண்டி எடுத்து, சரியாக அந்தப் பதினோராவது இடத்தில் ஊற்றுவார்.

இதையெல்லாம் யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தார்கள். இங்கிலாந்தில் எலியட் பிரதர்ஸ் கம்பெனியில் டோனி ஹோர் 1960-களின் தொடக்கத்தில் எழுதிய அல்கால் கம்பைலர், அரேயைத் தொடும் ஒவ்வொரு தடவையும் இலை இருக்கிறதா என்று பார்த்தது. பல வருஷம் கழித்து வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, வேகமாக ஓட வேண்டுமானால் இந்தக் காவல்காரனை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். ஐயோ வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்னார்களாம். தாங்கள் எத்தனை தடவை தப்பு செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980-ல் டூரிங் விருது வாங்கிய மேடையில் ஹோர் இதைச் சொல்லி, அப்புறம் மொழி செய்தவர்கள் இதைக் கற்கவே இல்லை என்று வருத்தப்பட்டார். கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து எழுதிய சி புத்தகம் வெளிவந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 1982 ஆகஸ்டில் கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ராவும் தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதி, எண்ணிக்கை ஏன் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அழகாக நிரூபித்தார். கல்யாணம் முடிந்து பத்து வருஷம் கழித்து ஜாதகப் பொருத்தம் பார்த்ததுபோல.

பெல் லேப்ஸில் ராபர்ட் மோரிஸ் என்று ஒருவர் இருந்தார். யூனிக்ஸ் பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் முறையில் அவர் கை உண்டு. பிறகு அமெரிக்க உளவுத்துறையான என்எஸ்ஏவில், கணினிப் பாதுகாப்பு மையத்துக்குத் தலைமை விஞ்ஞானியாகப் போனார். பூட்டு செய்கிறவர் வீட்டில் பிள்ளை என்ன படிக்கும்? மகன் ராபர்ட் டப்பன் மோரிஸ், கார்னெல் மாணவர், 1988 நவம்பர் 2-ஆம் தேதி சாயந்தரம் தானே பரவும் புழு ப்ரோகிராம் ஒன்றை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். அது நுழைந்த சந்துகளில் ஒன்று ஃபிங்கர் என்ற சேவை. இன்னார் உங்கள் மெஷினில் இருக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்லும் அப்பாவிச் சேவை. கேட்கிற பெயரை வாங்கி வைக்க 512 எழுத்துக்கு ஒரு அரே. வாங்கி வைக்கிற வேலை கெட்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு. இந்த கெட்ஸ் இருக்கிறதே, குடத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கும், எவ்வளவு பிடிக்கும் என்று கேட்காது. குழாயைத் திருகினால் கொட்டிக்கொண்டே இருக்கும். மோரிஸ் மகன் 536 எழுத்து அனுப்பினார். வழிந்த 24, பக்கத்தில் இருந்த ஒரு சீட்டின் மேல் விழுந்தது. வேலை முடிந்ததும் எந்த வழியாக வீடு திரும்புவது என்று ஃபங்ஷன் எழுதிவைத்திருக்கும் சீட்டு அது. வேலை முடிந்தது, சீட்டைப் பார்த்தது, அதில் புது விலாசம். சமத்தாக நடந்து மோரிஸ் வீட்டுக்குப் போய்விட்டது.

அன்றைய இணையத்தில் சுமார் 60 ஆயிரம் மெஷின், அதில் ஆறாயிரம் விழுந்திருக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. வழக்கு நடந்தது. மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அப்புறம் அவர் எம்ஐடியில் பேராசிரியர் ஆனார். நான் ஒரே ஒரு இடம் தள்ளி ஊற்றினேன், ரிக்கார்டு நோட்டில் கையெழுத்து கிடைக்கவில்லை. அவர் 24 இடம் தள்ளி ஊற்றினார். எதையும் பெரிசாகச் செய்ய வேண்டும். கெட்ஸை மொழியின் தர நிர்ணயத்திலிருந்து தூக்கியது 2011-ல், அதாவது புழு வந்து 23 வருஷம் கழித்து. அதுவரை நம் ஊர்ப் பாடநூல்கள் அதைக் குத்துவிளக்கு ஏற்றி வரவேற்றுக்கொண்டிருந்தன.

பிறந்த வீட்டையும் சி விட்டுவைக்கவில்லை. 1990 ஜனவரி 15, பெல் லேப்ஸின் அப்போதைய முதலாளியான ஏடி அண்ட் டியின் தொலைதூரத் தொலைபேசி வலை ஒன்பது மணி நேரம் படுத்துவிட்டது. 114 ஸ்விட்ச்சுகள், ஒன்று எழுந்தால் பக்கத்திலிருப்பது விழும். தேடிப் பார்த்தால் ப்ரோகிராமில் பிரேக் என்று ஒரு கட்டளை. இஃப்பிலிருந்து வெளியே வருவோம் என்று நினைத்து எழுதியது, அதைச் சுற்றியிருந்த ஸ்விட்ச் என்ற சி கட்டளையையே தாண்டி வெளியே குதித்துவிட்டது.

கடைசியாக 2008 டிசம்பர் 31. பூசாரிகள் மறுபடி வருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஐபாடுக்குப் போட்டியாக ஸூன் என்ற பாட்டுப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தது. அதில் 30 ஜிபி மாடல் அத்தனையும் அன்று காலை ஒட்டுமொத்தமாக உறைந்தன. உள்ளே கடிகார டிரைவரில் ஒரு லூப், சியில் எழுதியது. 1980-லிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை எடுத்துக்கொண்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து, இது எந்த வருஷம் என்று சொல்ல வேண்டும். நாள் 365-ஐவிட அதிகமாக இருக்கும்வரை சுற்று. லீப் வருஷமா? அப்படியானால் நாள் 366-ஐவிட அதிகமா பார், அதிகமானால் 366-ஐக் கழி. 2008 லீப் வருஷம். டிசம்பர் 31 அதன் 366-ஆவது நாள். 365-ஐவிட அதிகம், ஆகவே வெளியே போகக் கூடாது. 366-ஐவிட அதிகமில்லை, ஆகவே கழிக்கவும் கூடாது. என்ன செய்யும் பாவம்? மறுபடி வாசலுக்குப் போய் முதலிலிருந்து கேட்டது. திரிசங்கு சொர்க்கத்திலாவது வேடிக்கை பார்க்க ஏதாவது இருந்திருக்கும்.

மைக்ரோசாஃப்ட் அறிவித்த வைத்தியம்: பேட்டரி முழுக்கத் தீரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி மதியம் தாண்டியதும் சார்ஜ் ஏற்றி ஆன் செய்யுங்கள். அதற்குள் நாள் 367 ஆகியிருக்கும், லூப் தானாக வெளியே வந்துவிடும்.

எங்கள் அட்டெண்டர் அண்ணனாக இருந்தால் புத்தாண்டு மதியம்வரை காத்திருந்திருக்கமாட்டார். "ஆயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்திருப்பார்.